பூட்டிய வீடும் வீட்டு இன்சூரன்ஸும்: வாசகர் கேள்வி பதில்

அரையாண்டு விடுமுறை, கிறிஸ்துமஸ், புத்தாண்டு, அப்புறம் பொங்கல் என்று வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குக் கிளம்பும் காலம் இது. வடகிழக்குப் பருவமழையும் புயலும் வருகிற காலமும் இதுதான். வீட்டுக் காப்பீடு பற்றி வந்த கடிதங்களில் பொதுவாகப் பலருக்கும் உதவக்கூடியவற்றை மட்டும் இந்த இதழுக்கு எடுத்திருக்கிறேன்.

விடுமுறைக்குக் குழந்தைகளோடு பத்து நாள் அம்மா வீட்டுக்குப் போகிறோம். பாரத் கிருஹ ரக்ஷா பாலிசி எடுத்து வைத்திருக்கிறோம். பூட்டிய வீட்டில் திருடு போனால் பணம் வந்துவிடும்தானே சார்?
வாசகி, வேளச்சேரி

வராதும்மா. இதைத்தான் முதலில் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று உங்கள் கடிதத்தை மேலே வைத்தேன். பாரத் கிருஹ ரக்ஷா, 2021 ஏப்ரல் 1 முதல் எல்லா நிறுவனங்களும் ஒரே மாதிரி விற்க வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. கொண்டுவந்த பாலிசி. நல்ல பாலிசி, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தீ, இடி மின்னல், புயல், வெள்ளம், நிலநடுக்கம், சுனாமி, நிலச்சரிவு, கலவரம், தண்ணீர்த் தொட்டியோ குழாயோ வெடித்து வரும் சேதம் என்று நீளமான பட்டியலே அதில் இருக்கிறது. திருட்டும் அந்தப் பட்டியலில் உண்டு, ஆனால் ஒரு நிபந்தனையோடு: மேலே சொன்ன ஏதாவது ஒன்று நடந்து, அதன் விளைவாக, 7 நாளுக்குள் நடக்கும் திருட்டு மட்டும்தான் சேரும். வெள்ளத்தில் கதவு பெயர்ந்து கிடக்கிறது, நீங்கள் மாடி வீட்டுக்காரரிடம் தஞ்சம் புகுந்திருக்கிறீர்கள், அந்த நேரத்தில் எவனோ டிவியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான் என்றால் கேட்கலாம். சாதாரணமாக ஊருக்குப் போன நேரத்தில் பூட்டை உடைத்து எடுத்துப் போனால் கேட்க முடியாது.

அதற்குத் தனியாக பர்க்ளரி கவர் சேர்க்க வேண்டும், அல்லது ஹவுஸ்ஹோல்டர்ஸ் பாலிசி என்று விற்கிறார்களே, அதில் திருட்டுப் பகுதியையும் சேர்த்து எடுக்க வேண்டும். அதை எடுக்கும்போது இரண்டு இடங்களை நிதானமாகப் படியுங்கள். ஒன்று, உடைத்து நுழைந்த தடயம் இருக்க வேண்டும் என்பது. கள்ளச்சாவி போட்டுத் திறந்தாலோ, வீட்டுக்கு வந்து போகிறவர் எடுத்துப் போனாலோ பர்க்ளரி கணக்கில் வராது. பாலிசி வாசகம் பலவந்தமாக நுழைய வேண்டும் என்று சொன்னால் அப்படித்தான் பார்க்க முடியும் என்று உச்ச நீதிமன்றமே 2004-இல் சொல்லிவிட்டது. சாதாரணத் திருட்டும் சேர வேண்டும் என்றால் அதற்கு வேறு வாசகம் உண்டு, கேட்டு வாங்குங்கள். இரண்டாவது, வீடு தொடர்ந்து ஆளில்லாமல் கிடந்தால் இத்தனை நாளுக்கு மேல் திருட்டுக்குப் பொறுப்பில்லை என்று பல பாலிசிகளில் ஒரு வரி இருக்கும். பத்து நாள் பயணத்துக்கு இது பெரிய விஷயமில்லை. அமெரிக்காவில் இருக்கும் மகள் வீட்டுக்கு ஆறு மாதம் போகிறவர்கள் கட்டாயம் அந்த வரியைத் தேடிப் படித்து, நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிட்டுத்தான் விமானம் ஏற வேண்டும்.

வாடகை வீட்டில் இருக்கிறோம். 2023 டிசம்பர் வெள்ளத்தில் பிரிட்ஜ், வாஷிங் மெஷின், மெத்தை, பிள்ளைகளின் புத்தகம் எல்லாம் போனது. வீட்டுக்காரர் இப்போது இன்சூரன்ஸ் எடுத்திருப்பதாகச் சொல்கிறார். எங்கள் பொருளுக்கும் சேருமா?
வாசகர், தூத்துக்குடி

சேராது. அவர் எடுத்தது அவருடைய கட்டடத்துக்கு. உங்கள் பொருளுக்கு நீங்கள்தான் எடுக்க வேண்டும், வாடகைக்கு இருப்பவர்கள் பொருள்களுக்கு மட்டும் தனியாக எடுக்கலாம். சொந்த வீடு இருந்தால்தான் வீட்டு இன்சூரன்ஸ் என்று நினைத்துக்கொண்டு எத்தனையோ குடும்பங்கள் விட்டுவிடுகின்றன. அந்த டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது, அதில் வாடகைக் குடும்பங்கள் இழந்ததற்குக் கணக்கே கிடையாது. கட்டிலிலிருந்து மிக்ஸி வரை இன்றைக்குப் புதிதாக வாங்கினால் என்ன ஆகுமோ அந்த விலையைக் கூட்டி, அந்தத் தொகைக்கு எடுங்கள். கட்டடம் சேராததால் பிரீமியம் பெரிதாக வராது.

ஒன்று கவனியுங்கள், வாசலில் நிற்கும் ஸ்கூட்டரும் காரும் இதில் வராது. அவற்றுக்கு மோட்டார் பாலிசியில் சொந்தச் சேதப் பகுதி இருக்க வேண்டும், வெறும் தேர்டு பார்ட்டி பாலிசி வெள்ளச் சேதத்துக்கு ஒரு பைசா தராது. எல்லாவற்றையும் அக்டோபருக்கு முன்பே எடுத்துவிடுவது நல்லது.

வீட்டுக்கடன் கொடுக்கும்போதே வங்கியில் இன்சூரன்ஸ் என்று ஒரு பெரிய தொகையைப் பிடித்துக்கொண்டார்கள். இனி தனியாக எதற்கு?
வாசகர், மதுரை

அந்தக் காகிதத்தை எடுத்து யாருக்கு இன்சூரன்ஸ் என்று பாருங்கள். பெரிய தொகை என்றால் பெரும்பாலும் அது உங்கள் உயிருக்கான பாலிசியாக இருக்கும்: உங்களுக்கு ஏதாவது ஆனால் கடனை அடைப்பதற்கு. வீடு எரிந்தாலோ இடிந்தாலோ அது உதவாது. ஒருவேளை கட்டடத்துக்கே எடுத்திருந்தாலும், கடன் தொகைக்கு மட்டும்தானா, முழுக் கட்டடத்துக்கா, உள்ளே இருக்கும் பொருள்கள் சேர்ந்திருக்கின்றனவா என்று கேளுங்கள். கடன் இருக்கும்வரை அந்தப் பாலிசியில் வங்கியின் பெயரும் இருக்கும், இழப்பீட்டில் முதல் உரிமை வங்கிக்குத்தான். பாலிசி நகல் ஒன்றைக் கையில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும்.

எங்கள் வீடு இன்று ஒரு கோடிக்குப் போகும். ஒரு கோடிக்கு எடுக்க வேண்டுமா?
வாசகி, கோவை

வேண்டாம். அந்த ஒரு கோடியில் பெரும்பகுதி நிலத்தின் விலை. வெள்ளம் நிலத்தை எடுத்துப் போகப் போவதில்லையே. திரும்பக் கட்ட என்ன ஆகும் என்பதுதான் கணக்கு. உதாரணத்துக்கு 1,200 சதுர அடி வீடு, கட்டுமானச் செலவு சதுர அடிக்கு 2,500 ரூபாய் என்றால் 30 லட்சம். சுற்றுச்சுவர், கார் ஷெட், தண்ணீர்த் தொட்டி இருந்தால் அதையும் கூட்டுங்கள். கட்டடத்துக்கு எடுத்தால் பாரத் கிருஹ ரக்ஷாவில் கட்டடத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை, வீட்டுப் பொருள்களுக்குத் தானாகவே கிடைக்கும், பட்டியல் கொடுக்க வேண்டியதில்லை. 30 லட்சத்துக்கு 6 லட்சம். அது போதாது என்றால் விவரம் கொடுத்துக் கூட்டிக்கொள்ளலாம். பல வருடத்துக்குச் சேர்த்து எடுத்தால் கட்டடத் தொகை வருடத்துக்கு 10 சதவீதம் கூடுதல் பிரீமியம் இல்லாமலே ஏறும்.

இந்தப் பாலிசியில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம் இன்னொன்று. பழைய பாலிசிகளில் 30 லட்சம் வீட்டை 15 லட்சத்துக்கு எடுத்திருந்தால், 4 லட்சம் சேதத்துக்கும் பாதிதான் தருவார்கள். இதில் அந்தக் கழிவு கிடையாது, எடுத்த தொகை வரை முழுச் சேதத்தையும் கேட்கலாம். அதற்காக வேண்டுமென்றே குறைத்து எடுத்துவிடாதீர்கள், முழு வீடும் போனால் எடுத்த தொகைக்கு மேல் யாரும் தர மாட்டார்கள்.

ஊருக்குப் போகும்போது நகையை வீட்டில் வைப்பதா, லாக்கரில் வைப்பதா?
வாசகி, கும்பகோணம்

லாக்கரில் வையுங்கள். ஆனால் லாக்கரில் வைத்தால் வங்கி முழுப் பொறுப்பு என்று நினைக்க வேண்டாம். ரிசர்வ் வங்கியின் விதி 2022 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது: தீ, திருட்டு, கட்டடம் இடிவது, வங்கி ஊழியரின் மோசடி ஆகியவற்றால் இழப்பு வந்தால் ஆண்டு வாடகையைப் போல 100 மடங்குதான் வங்கியின் பொறுப்புக்கு எல்லை. வருட வாடகை 3,000 என்றால் 3 லட்சம். இன்றைய தங்க விலையில் ஒரு கல்யாண நகைக்கு அது எந்த மூலைக்கு? வெள்ளம், நிலநடுக்கம் மாதிரி இயற்கைச் சீற்றம் என்றால் வங்கியின் கவனக்குறைவு இல்லாதவரை அதுவும் இல்லை. அதனால் அதிகம் நகை இருப்பவர்கள், லாக்கரில் இருக்கும்போதும் சேர்கிற மாதிரி நகைக்குத் தனியாக இன்சூரன்ஸ் எடுக்க வேண்டும். பில், ஒவ்வொரு நகைக்கும் போட்டோ, மதிப்பீட்டாளர் சான்று மூன்றையும் வைத்திருங்கள். ரொக்கப் பணத்துக்கு வீட்டு பாலிசியில் இடமில்லை, அதை வங்கிக் கணக்கில் போட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

கேஸ், கரண்ட், தண்ணீர் மூன்றையும் எப்படி விட்டுவிட்டுப் போவது? எதிர்வீட்டில் போன பொங்கலுக்குப் போய் வருவதற்குள் குளியலறைக் குழாய் உடைந்து ஹால் முழுக்கத் தண்ணீர்.
வாசகர், சேலம்

மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் கேட் வால்வை மூடுங்கள். ஆட்டோமேட்டிக் மோட்டார் இருந்தால் அதையும் நிறுத்துங்கள், இல்லாவிட்டால் உடைந்த குழாய்க்குத் தண்ணீரை அதுவே ஏற்றிக்கொண்டிருக்கும். குழாய் வெடித்த சேதம் பாலிசியில் சேரும். மாதக்கணக்காகக் கசிந்து சுவர் ஊறிப் போனது சேராது, அது பராமரிப்புக் குறை.

மின்சாரத்தில், பிரிட்ஜ் ஓட வேண்டியிருந்தால் அதன் எம்.சி.பி.யை (மெயின் பெட்டியில் இருக்கும் தானியங்கி சுவிட்சை) மட்டும் விட்டு மற்றதை இறக்குங்கள். அதிக மின்னழுத்தத்தில் டிவி தானாகப் புகைந்து போனால் பொதுவாக டிவிக்குப் பணம் கிடைக்காது, அதிலிருந்து தீ பரவி வீடு எரிந்தால் அந்தச் சேதத்துக்குக் கிடைக்கும்.

கேஸுக்கு ரெகுலேட்டரை மூடுவது போதும் என்று விடாமல், கழற்றிவிட்டு சிலிண்டருக்குப் பாதுகாப்பு மூடியைப் போடுங்கள். டியூபில் அச்சிட்ட வருடத்தைப் பாருங்கள், ஐந்து வருடம் ஆகியிருந்தால் மாற்றுங்கள். திரும்பி வந்து கதவைத் திறந்ததும் கேஸ் வாடை வந்தால் எந்த சுவிட்சையும் தொடாதீர்கள், லைட் போடுவதும் கூடாது, ஏற்கெனவே ஓடுவதை அணைப்பதும் கூடாது. ஜன்னல்களைத் திறந்துவிட்டு, வெளியே வந்து 1906-க்குப் போன் செய்யுங்கள். பலருக்குத் தெரியாத ஒன்று: பதிவு பெற்ற கேஸ் இணைப்பு உள்ளவர்களுக்கு, சிலிண்டர் விபத்துக்காக எண்ணெய் நிறுவனங்களே ஒரு காப்பீடு எடுத்து வைத்திருக்கின்றன, நீங்கள் பிரீமியம் கட்ட வேண்டியதில்லை. இணைப்பு இருக்கும் முகவரியில்தான் வீட்டுச் சேதத்துக்கு அது செல்லும் என்பதால், வீடு மாறியிருந்தால் ஏஜென்சியில் முகவரியை மாற்றிவிடுங்கள். விபத்து நடந்தால் உடனே ஏஜென்சிக்கு எழுத்தில் சொல்ல வேண்டும்.

வீட்டில் ஆள் இல்லை என்று வெளியே தெரியாமல் இருக்க என்ன செய்யலாம்?
ஓய்வுபெற்ற ஆசிரியர், திருச்சி

ஐயா, மார்கழியில் தெருவே கோலமாக இருக்கும்போது ஒரு வாசல் மட்டும் வெறுமையாக இருந்தால் அதைவிட அடையாளம் வேண்டாம். பக்கத்து வீட்டு அம்மாவிடமோ, வீட்டு வேலைக்கு வருபவரிடமோ வாசல் தெளித்துக் கோலம் போடச் சொல்லுங்கள், அப்படியே கேட்டில் செருகிய நோட்டீஸ்களையும் எடுத்துவிடுவார்கள். பாலையும் பேப்பரையும் நிறுத்திவிடுங்கள். வாசல் விளக்கைப் பகலும் இரவும் எரிய விடாமல் டைமரில் போடுங்கள். கிரில்லில் பெரிய பூட்டைத் தொங்கவிடுவதைவிட, கதவோடு சேர்ந்த லாக் நல்லது, வெளியே பூட்டு தெரியாது. கேமரா இருந்தால் பதிவுப் பெட்டியை டிவி மேல் வைக்க வேண்டாம், கேமராவோடு சேர்த்து அதையும் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். ஊர்ப் படங்களைத் திரும்பி வந்த பிறகு ஸ்டேட்டஸில் போடச் சொல்லி பேரப் பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். உள்ளூர் காவல் நிலையத்தில் தேதியோடு தெரிவித்துவிட்டுப் போங்கள், போலீஸாரே பண்டிகை நேரங்களில் அதைத்தான் கேட்கிறார்கள்; ரோந்து போகும்போது பார்த்துக்கொள்வார்கள்.

புயலில் கூரை ஷீட் பறந்து உள்ளே எல்லாம் நனைந்தது. கிளெய்ம் போட்டு ஐந்து மாதம். பில் இல்லை என்று மறுத்துவிட்டார்கள். என்ன வழி?
வாசகர், கடலூர்

முதலில் அதே நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள், மறுப்புக் கடிதத்தின் நகல், சேதத்தை மதிப்பிட்ட சர்வேயர் அறிக்கையின் நகல் இரண்டையும் கேளுங்கள். பில் இல்லாவிட்டாலும் கார்டு அல்லது யு.பி.ஐ. கட்டிய விவரம், வாரண்டி அட்டை, பொருள் தெரிகிற பழைய குடும்பப் போட்டோ, கிராம நிர்வாக அலுவலரின் சேதச் சான்று என்று கிடைப்பதையெல்லாம் சேர்த்து அனுப்புங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ, இன்சூரன்ஸ் புகார்களை விசாரித்துத் தீர்க்கும் நடுவரான, சென்னையில் இருக்கும் இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. ஆனால் நிறுவனத்தின் இறுதி பதில் கிடைத்த ஒரு வருடத்துக்குள் போக வேண்டும், அதனால் தள்ளிப்போடாதீர்கள். இடையில் ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் பீமா பரோசா தளத்திலும், 155255 என்ற எண்ணிலும் புகாரைப் பதிவு செய்து, அவர்கள் தரும் புகார் எண்ணைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். நனைந்த பொருள்களில் ஏதாவது இன்னும் வீட்டில் இருந்தால், முடிவு தெரியும்வரை பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிட வேண்டாம்.