நிலத்தை விற்க வேண்டாம், அரக்கோணம் பக்கம் பாருங்கள்

ஐயா, குடியாத்தத்திலிருந்து நீங்களும் உங்கள் வீட்டம்மாவும் வந்து பேசியதிலிருந்து இதே யோசனைதான் எனக்கு. பிளஸ் டூ முடித்த மகள் கடற்படையின் ஆளில்லா விமானத்தில்தான் வேலை பார்ப்பேன் என்கிறாள். மாமாவும் சித்தப்பாவும் நிலத்தை விற்றாவது நிர்வாக ஒதுக்கீட்டில் கம்ப்யூட்டர் சயின்ஸ் வாங்கச் சொல்கிறார்கள். உங்கள் பயம் புரிகிறது. ஆனாலும் விற்காதீர்கள். யோசனை சொன்ன யாரும் நாளைக்குக் கடனில் பங்கு எடுக்க வரமாட்டார்கள்.

அவள் கேட்பது எங்கேயோ இருக்கிற வேலையும் இல்லை. 2020-இல் கடற்படை குத்தகைக்கு எடுத்த இரண்டு சீகார்டியன் ஆளில்லா விமானங்களும் அரக்கோணத்தில் இருக்கும் ராஜாளி கடற்படை விமானத் தளத்திலிருந்துதான் பறந்தன. 2024 செப்டம்பரில் ஒன்று கோளாறாகி வங்கக் கடலில் விழுந்தது. உள்ளே ஆள் இல்லாததால் உயிர்ச்சேதம் இல்லை. அடுத்த மாதமே முப்படைக்கும் இதே வகையில் 31 விமானங்கள் வாங்க ஒப்பந்தமானது. அதில் 15 கடற்படைக்கு.

விமானம் ஒரு நாளைக்கு மேலும் வானில் நிற்கும். கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர்கள் ஷிப்ட் மாறி மாறி அதை இயக்குவார்கள். ரேடாரில் ஒரு கப்பல் தெரிகிறது, ஆனால் அது அனுப்ப வேண்டிய அடையாள சிக்னலைக் காணோம் என்றால் சந்தேகம். உடனே கேமராவைத் திருப்பிப் பார்ப்பார்கள். ரேடார், சிக்னல், செயற்கைக்கோள் தொடர்பு எல்லாமே எலெக்ட்ரானிக்ஸ்தான்.

அதனால் பொறியியல் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் வேலூர் பாகாயம் தந்தை பெரியார் அரசு தொழில்நுட்பக் கல்லூரியில் ஈ.சி.ஈ. (எலெக்ட்ரானிக்ஸ், தகவல் தொடர்புப் பொறியியல்) கேளுங்கள். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசுடையது. பட்டம் வந்ததும் கடற்படையின் குறுகிய காலப் பணியில் விமானச் செயல்பாட்டு அதிகாரிக்கு விண்ணப்பிக்கலாம். பெண்களுக்கும் உண்டு. எஸ்.எஸ்.பி. என்கிற, படை அதிகாரிகளுக்கான நேர்முகத் தேர்வில் தேறினால் கேரளத்தின் எழிமலையில் பயிற்சி. கட்டணம் கிடையாது, சம்பளமும் வரும். பிறகு எந்த விமானத்தில் போடுவது என்பது கடற்படையின் முடிவு, அதை மகளிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். தேர்வாகாவிட்டாலும் ஈ.சி.ஈ. பட்டம் கையில் இருக்கும், கடன் இருக்காது.

அப்புறம், ட்ரோன் பயிற்சி என்று பணம் கேட்பவர்களிடம் ஏமாறாதீர்கள். சில நாள் பயிற்சியில் கிடைக்கும் சான்றிதழ் வயலுக்கு மருந்தடிக்கும் சிறிய ட்ரோனுக்கு உதவும். கடற்படைக்குள் நுழைய உதவாது.

இந்த வாரமே இரண்டு காரியம் செய்யுங்கள். கடற்படை கேட்கிறபடி பத்தாவது, பிளஸ் டூ இரண்டிலும் மொத்தம் 60 சதவீதம் இருக்கிறதா, ஏதாவது ஒன்றில் ஆங்கிலம் 60 இருக்கிறதா என்று பாருங்கள். கண் பரிசோதனையையும் முடித்துவிட்டு மகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். அடுத்த முறை அவளிடம்தான் பேச வேண்டும்.