எடிட்டருக்கு பிளக்-இன்: டைப் எங்கே கட்டாயம் வேண்டும்? சேலம் வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை சேலத்திலிருந்தும் ஏற்காட்டிலிருந்தும் வந்த கேள்விகளை ஒன்றாக எடுத்துக்கொள்கிறேன். எல்லாமே டைப் உள்ள மொழியில், எடிட்டருக்குக் கூடுதல் வசதி சேர்க்கும் பிளக்-இன்னும் ஸ்கிரிப்ட்டும் எழுதுவதைப் பற்றியவை. டைப் என்றால், ஒரு மதிப்பு எண்ணா, எழுத்தா, வேறெதுவா என்று நிரலிலேயே குறிக்கும் வகை. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் நிரலும் எடிட்டரும் தகவலைக் கைமாற்றும் இடத்தில் டைப் கட்டாயம் வேண்டும். உள்ளே எவ்வளவு வேண்டும் என்பது உங்கள் விருப்பம். பிளக்-இன் கை வைப்பது அடுத்தவர் உட்கார்ந்து எழுதிய எழுத்தில். அதனால் இந்த ஒரு விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்புதான்.

கேள்வி: வி.எஸ். கோட் எக்ஸ்டென்ஷன் ஒன்று எழுத ஆசை. ஜாவாஸ்கிரிப்ட் தெரியும். டைப்ஸ்கிரிப்ட் முழுதாகப் படித்த பிறகுதான் தொடங்க வேண்டுமா? (பொறியியல் மாணவி, கருப்பூர்)

வேண்டாம், எழுதிக்கொண்டே படித்துக்கொள்ளலாம். வி.எஸ். கோடே, டைப் சேர்த்த ஜாவாஸ்கிரிப்ட்டான டைப்ஸ்கிரிப்ட்டில் எழுதப்பட்டதுதான். அதன் ஏபிஐ (பிளக்-இன் எடிட்டரோடு பேசும் வழிகள்) முழுவதற்கும் டைப் வரையறை கூடவே கிடைக்கிறது.

ஒரே ஒரு உதாரணம் போதும். இப்போது திறந்திருக்கும் ஃபைலை எடுக்க 'ஆக்டிவ்டெக்ஸ்ட்எடிட்டர்' என்று கேட்பீர்கள். எந்த ஃபைலும் திறந்திருக்கவில்லை என்றால் அது 'அன்டிஃபைன்ட்' (மதிப்பே இல்லை) என்று வரும். உங்கள் கணினியில் எப்போதும் ஒரு ஃபைல் திறந்தே இருப்பதால், ஜாவாஸ்கிரிப்ட்டில் இது உங்கள் கண்ணில் படவே படாது. தோழி காலி ஜன்னலில் அந்தக் கமாண்டைத் தட்டும்போதுதான் விழும். டைப்ஸ்கிரிப்ட்டில் 'ஸ்ட்ரிக்ட்' அமைப்பை ஆன் செய்து வைத்தால், எழுதும்போதே சிவப்புக்கோடு வந்துவிடும். ஒரு 'இஃப்' போட்டு, "முதலில் ஒரு ஃபைலைத் திறக்கவும்" என்று காட்டுங்கள். கோட்டை மறைப்பதற்காக ஆச்சரியக்குறி ('இது காலியாக இருக்காது' என்ற உறுதி) போடுவதும் 'எனி' (எந்த டைப்பும் ஆகலாம்) என்று எழுதுவதும் வேண்டாம். அப்படிச் செய்தால் கம்பைலர் (நிரலைச் சரிபார்த்து மாற்றித் தரும் கருவி) பேசுவதை நிறுத்திவிடும், பிழை அங்கேயேதான் இருக்கும்.

கேள்வி: அச்சகத்தில் தமிழ் மேட்டர் திருத்த நியோவிம் எடிட்டரில் லுவா மொழியில் ஒரு ஸ்கிரிப்ட் வைத்திருக்கிறேன். சொற்களை மாற்றும்போது சில இடத்தில் எழுத்து உடைந்து குப்பையாக வருகிறது. இதே கணக்கை வி.எஸ். கோட்டில் எழுதினால் சரியாக இருக்கிறது. டைப் உள்ள மொழியாக இருந்தால் இது நடக்காதா? (டிடிபி பணியாளர், அம்மாபேட்டை)

இந்த முறை வந்ததில் முக்கியமான கேள்வி இதுதான். தமிழில் வேலை செய்யும் ஒவ்வொருவரும் ஒருநாள் இதில் மாட்டுவார்கள்.

'சேலம்' என்ற சொல்லை எடுங்கள். நமக்கு 3 எழுத்து. யூனிகோடில் ச, அதன் ஏகாரக் கொம்பு, ல, ம, புள்ளி என்று 5 குறியீடு. யூடிஎஃப்-8 என்ற சேமிப்பு முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட், ஆக மொத்தம் 15 பைட். 'ஏற்காடு' என்றால் 4 எழுத்து, 7 குறியீடு, 21 பைட். நியோவிம்மின் பஃபர் (திறந்திருக்கும் உரை) ஏபிஐ இடத்தை பைட்டில் கேட்கிறது. வி.எஸ். கோட் யூடிஎஃப்-16 அலகில் கேட்கிறது; தமிழுக்கு அது ஒரு குறியீட்டுக்கு ஒரு அலகு. வி.எஸ். கோட்டில் 'சேலம்' முடியும் இடம் 5. அதே 5-ஐ நியோவிம்முக்குக் கொடுத்தால், அது அந்தக் கொம்பின் மூன்று பைட்டுக்கு நடுவில் போய் வெட்டும். நீங்கள் பார்க்கும் குப்பை அதுதான்.

சரி, டைப் காப்பாற்றுமா? சும்மா டைப் உள்ள மொழிக்கு மாறினால் மட்டும் காப்பாற்றாது. எழுத்து, அலகு, பைட் மூன்றின் எண்ணிக்கையும் முழு எண்தான். எது பைட், எது அலகு என்று கம்பைலருக்கு எப்படித் தெரியும்? நீங்கள்தான் பிரித்துச் சொல்ல வேண்டும். ரஸ்ட் மொழியில் பைட் இடத்துக்கு ஒரு ஸ்ட்ரக்ட் (நாமே வரையறுக்கும் டைப்), அலகு இடத்துக்கு வேறொரு ஸ்ட்ரக்ட். டைப்ஸ்கிரிப்ட்டில் எண்ணோடு ஒரு முத்திரையைச் சேர்த்து இரண்டு தனி டைப்பாக வைக்கலாம். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற ஒரே ஒரு ஃபங்ஷன்தான் வழி என்று வைத்துவிட்டால், கலந்து கொடுத்த இடமெல்லாம் கம்பைல் ஆகாது. ஆனால் அந்த ஒரு ஃபங்ஷனுக்குள் கணக்கு தப்பினால் டைப் கண்டுபிடிக்காது. ஒரு குறியீட்டின் பைட்டுகளுக்கு நடுவில் வெட்டினால் ரஸ்ட் நிரலும் ஓடும்போது பேனிக் ஆகி (பிழை காட்டி) நின்றுவிடும். அதற்கு டெஸ்ட் எழுதத்தான் வேண்டும்.

இன்னொரு பள்ளமும் உண்டு. 'கொ' என்ற எழுத்தை இரண்டு விதமாகச் சேமிக்க முடியும்: ஒகரக் குறியை ஒரே குறியீடாக, அல்லது கொம்பு தனி, கால் தனி. திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும், தேடினால் ஒன்று கிடைக்காது. வெவ்வேறு இடத்திலிருந்து வாங்கிய மேட்டரில் இது வரக்கூடும். தேடும் முன், இப்படிப் பிரிந்தவற்றை ஒரே குறியீடாகச் சேர்க்கும் என்எஃப்சி முறைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஆனால் அப்படி மாற்றிய உரையில் கிடைத்த இடத்தை, மாற்றாத மூல ஃபைலில் போட்டு வெட்டிவிடாதீர்கள். நீளம் மாறியிருக்கும். மாற்றிய உரைக்கும் மூல உரைக்கும் தனித்தனி டைப் வைப்பது இங்கே உண்மையிலேயே சோறு போடும்.

உடனடித் தீர்வு வேண்டுமானால் லுவாவை விட்டு ஓட வேண்டாம். நியோவிம்மிலேயே 'ஸ்ட்ர்_பைட்இண்டெக்ஸ்', 'ஸ்ட்ர்_யூடிஎஃப்இண்டெக்ஸ்' என்று இரண்டு ஃபங்ஷன் இருக்கின்றன. இடத்தை எடிட்டருக்குக் கொடுக்கும் முன் அவற்றின் வழியாக அனுப்புங்கள். வரி எண்ணையும் ஒரு தடவை பாருங்கள்: கர்சர் எங்கே என்று கேட்டால் வரி 1-இலிருந்து எண்ணி வரும், பஃபரில் எழுதும்போது 0-இலிருந்து எண்ண வேண்டும்.

கேள்வி: நியோவிம் பிளக்-இன்னை டைப்போடு எழுத என்ன வழி? டீலா, விம்9 ஸ்கிரிப்ட்டா? (மென்பொருள் ஊழியர், ஜாகீர் அம்மாபாளையம்)

விம்9-ஐ முதலில் தள்ளிவிடலாம். 2022-இல் விம் 9.0-உடன் வந்த நல்ல மொழி அது. டைப் உண்டு, ஃபங்ஷன்கள் கம்பைல் ஆகும். ஆனால் நியோவிம் அதை ஏற்பதில்லை. நீங்கள் விம் மட்டுமே பயன்படுத்தினால் தாராளமாக எடுங்கள்.

டீல் என்பது டைப் சேர்த்த லுவா. லுவா பொதிகளை நிறுவும் லுவாராக்ஸை உருவாக்கிய ஹிஷாம் முகமதுதான் இதையும் உருவாக்கினார். மொழி அருமை. சிக்கல் பரிமாற்றத்தில்தான். நியோவிம் பயனர்கள் ரெப்போவை (நிரல் ஃபைல்கள் இருக்கும் இடத்தை) அப்படியே இறக்கிக்கொள்கிறார்கள், நடுவில் பெரும்பாலும் பில்ட் (கம்பைல் செய்யும் வேலை) இல்லை. ஆகவே கம்பைல் செய்த லுவாவையும் நீங்களே ரெப்போவில் சேர்க்க வேண்டும். திருத்தி அனுப்ப வருபவர் எந்த ஃபைலைத் திருத்துவது என்று குழம்புவார்.

நான் பரிந்துரைப்பது சாதாரண லுவாதான், மேலே '---' என்று மூன்று கோடு போட்டுத் தொடங்கும் குறிப்புகளோடு. லுவா லாங்குவேஜ் சர்வர் (எடிட்டருக்குப் பின்னால் ஓடி நிரலைச் சரிபார்க்கும் நிரல்) அவற்றைப் படித்து டைப் சரிபார்க்கும், 'நில்' (மதிப்பில்லை) வரக்கூடிய இடத்தைக் காட்டும். அவை வெறும் கமெண்ட் என்பதால் ஓடும்போது ஒரு பாதிப்பும் இல்லை. நியோவிம்மின் சொந்த லுவா ஃபைல்களும் இதே குறிப்புகளோடுதான் எழுதப்படுகின்றன. ஒரு குறை உண்டு: முன்பு சொன்ன பைட், அலகு பிரிப்பை இதில் அவ்வளவு இறுக்கமாகச் செய்ய முடியாது. அங்கே மாறியின் பெயரிலேயே 'பைட்' என்று எழுதிவிடுங்கள்.

கேள்வி: டைப்ஸ்கிரிப்ட் ஃபைலை பில்ட் செய்யாமல் நேராக ஓட்ட முடியுமா? (ஐந்து ரோடு)

முடியும். ஜாவாஸ்கிரிப்ட்டை ஓட்டும் நோட் (Node) 23.6 முதல், அதாவது 2025 ஜனவரி முதல், கூடுதல் அமைப்பு எதுவும் இல்லாமலே ஓடும். ஆனால் அது டைப்பை உரித்துப் போட்டுவிட்டுத்தான் ஓட்டுகிறது, சரிபார்ப்பதில்லை. 'ஈனம்' (enum, குறிப்பிட்ட சில வகைகளில் ஒன்றாக மட்டுமே இருக்கும் டைப்) போன்ற சிலவற்றை அப்படி ஓட்டவும் முடியாது. சரிபார்க்க, டைப்ஸ்கிரிப்ட்டின் கம்பைலரான டிஎஸ்சி-யைத் தனியாக ஓட்டுங்கள்.

கேள்வி: கொலுசுப் பட்டறைக் கணக்கை டெக்ஸ்ட் ஃபைலில் எழுதி வைக்கிறோம். எடிட்டருக்குள்ளிருந்தே ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட் ஓட்டி எடை, கூலி கூட்டுகிறேன். ஒருமுறை கிராமும் ரூபாயும் கலந்துவிட்டது. வேறு மொழிக்கு மாறலாமா? (செவ்வாய்ப்பேட்டை)

மாற வேண்டாம். பைத்தானிலேயே டைப் குறிப்பு எழுதி, மைபை என்ற கருவியை வைத்துச் சரிபாருங்கள். ஓடும்போது பைத்தான் அந்தக் குறிப்பைக் கண்டுகொள்ளாது, அதனால் மைபை ஓட்டும் பழக்கம் முக்கியம்.

கிராமுக்கும் ரூபாய்க்கும் 'நியூடைப்' (இருக்கும் டைப்புக்குப் புதுப்பெயர் கொடுத்துப் பிரிப்பது) வைக்கச் சொல்லிப் பலர் எழுதுவார்கள். உங்களுக்கு அது போதாது. இரண்டும் அடியில் ஃப்ளோட் (தசம எண்ணைத் தோராயமாகச் சேமிக்கும் டைப்) என்றால், கிராமோடு ரூபாயைக் கூட்டினாலும் மைபை வாய் திறக்காது. விடை வெறும் ஃப்ளோட் என்று எடுத்துக்கொள்ளும். இரண்டையும் தனித்தனி டேட்டாகிளாஸாக (நாமே உருவாக்கும் டைப்பாக) வைத்து, கிராமோடு கிராமை மட்டும் கூட்டும்படி எழுதுங்கள். உள்ளே ஃப்ளோட்டுக்குப் பதில், தசமத்தைத் துல்லியமாக வைக்கும் 'டெசிமல்' வையுங்கள். பணத்திலும் வெள்ளி எடையிலும் ஃப்ளோட் கூடவே கூடாது.

கேள்வி: எஸ்டேட்டில் மழை அளவும் காபிப் பழம் பறித்த எடையும் தினமும் ஜெட் எடிட்டரில் பதிகிறேன். தப்பாக எழுதிய வரியை எடிட்டரே காட்டும்படி ரஸ்ட்டில் எக்ஸ்டென்ஷன் எழுதலாமா? மலையில் நெட் விட்டு விட்டுத்தான் வரும். (ஏற்காடு)

எழுதலாம். ஆனால் வேலையை எக்ஸ்டென்ஷனுக்குள் வைக்காதீர்கள். ஜெட்டின் எக்ஸ்டென்ஷன்கள் ரஸ்ட்டில் எழுதி, தனி வேலிக்குள் ஓடும் வெப்அசெம்பிளி நிரலாக மாறுபவை; அவை என்னென்ன செய்யலாம் என்பதற்கு எல்லை உண்டு. வரியைச் சரிபார்க்கும் பகுதியைத் தனி லாங்குவேஜ் சர்வராக எழுதுங்கள். 2016-இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட லாங்குவேஜ் சர்வர் புரோட்டோகாலை (எடிட்டரும் சர்வரும் பேசும் பொது விதிமுறையை) பின்பற்றினால், அதே சர்வரை நியோவிம்மிலும் ஹீலிக்ஸ் எடிட்டரிலும் சில வரி அமைப்பில் இணைக்கலாம். ஈமாக்ஸ் 29-இலும் அதற்கான எக்லாட் கூடவே வருகிறது. நாளை அலுவலகத்தில் வேறொருவர் வேறு எடிட்டரில் பதிந்தாலும் வேலை வீணாகாது. ஜெட் எக்ஸ்டென்ஷன் அந்தச் சர்வரைக் கிளப்பிவிடும் சிறு ஃபைலாக இருந்தால் போதும்.

உங்கள் வேலைக்கு ரஸ்ட்டின் ஈனம் கச்சிதமாகப் பொருந்தும். ஒரு வரி மழைப் பதிவாக இருக்கும், பறிப்புப் பதிவாக இருக்கும், அல்லது புரியாத வரியாக இருக்கும். மூன்றையும் ஈனமாக வைத்தால், ஒன்றைக் கையாள மறந்தாலும் கம்பைலர் விடாது. பிழையின் இடத்தைச் சொல்லும்போது மட்டும் கவனம்: இந்தப் புரோட்டோகாலின் வழக்கமான அளவு யூடிஎஃப்-16 அலகு, ரஸ்ட்டின் சரங்கள் பைட்டில் எண்ணுகின்றன. அம்மாபேட்டை வாசகருக்குச் சொன்ன இரண்டு தனி டைப் உங்களுக்கும் வேண்டும், பறிப்பவர்களின் பெயரைத் தமிழில்தானே எழுதுவீர்கள்.

நெட்டுக்கு வழி இருக்கிறது. கீழே சேலத்துக்கு இறங்கும்போது ரஸ்ட்டின் பில்ட் கருவியான கார்கோவில் 'கார்கோ ஃபெட்ச்' ஓட்டித் தேவையான பொதிகளை எல்லாம் இறக்கிக்கொள்ளுங்கள். மேலே போனதும் பில்ட் கட்டளையோடு 'ஆஃப்லைன்' தேர்வைச் சேர்த்தால் நெட் இல்லாமலே கம்பைல் ஆகும். பழைய மடிக்கணினியில் முதல் பில்ட் நேரமெடுக்கும். வேலை நடக்கும்போது 'கார்கோ செக்' மட்டும் ஓட்டுங்கள், டைப் பிழைகளை அது சீக்கிரமே சொல்லிவிடும்.