டீச்சர், எம்புள்ளைக்கு எழுத்து வரல! - வாசகர் கேள்வி பதில்

கேள்வி: டீச்சர், எம்மவன் ரெண்டாப்பு, இங்கிலீஷ் மீடியம். தமிழ்னா படகுல எழுதியிருக்க பேரு, கடை போர்டு எல்லாத்தையும் எழுத்துக்கூட்டி படிச்சிடுறான். இங்கிலீஷ் டிக்டேஷன்ல மட்டும் பத்துக்கு ரெண்டுதான். அவுக அப்பா கடலுக்கு போயிட்டு வந்து நோட்டைப் பாத்தா அடிக்கப் போறாக. நோட்டை போட்டோ எடுத்து அனுப்பிருக்கேன். என்ன பண்றது? (பாம்பனில் இருந்து ஒரு அம்மா)

பதில்: மொதல்ல அடிக்கிறதை நிப்பாட்டச் சொல்லும்மா. போட்டோவை ரெண்டு தடவை பாத்தேன். ஐலண்ட்னு டீச்சர் சொன்னதுக்கு ஐ, எல், ஏ, என், டின்னு எழுதிருக்கான், நடுவுல எஸ் விட்டுப்போச்சுன்னு செவப்பு மையில சுழிச்சிருக்காங்க. ஆனா அவன் காதுல விழுந்தது ஒண்ணைக்கூட விடலையேம்மா, அந்த எஸ்ஸுக்குத்தான் சத்தமே இல்லையே! பழைய இங்கிலீஷ்ல அந்த வார்த்தைல எஸ் கிடையாது, 16ஆம் நூற்றாண்டு வாக்குல, லத்தீன் வழியா வந்த இன்னொரு வார்த்தையோட சொந்தம்னு தப்பா நெனச்சு சொருகுனதுதான் அது. தீவுலயே பொறந்து வளர்ற புள்ள தீவுக்கு ஸ்பெல்லிங் தெரியாம முழிக்கிறான்னா குத்தம் அவன் மேல இல்ல. கடனுக்கு இங்கிலீஷ்ல டெட்னு சொல்றோம்ல, அதுக்குள்ள ஒரு பி ஊமையா ஒக்காந்திருக்கும், அதுவும் லத்தீன் மாதிரி தெரியணும்னு படிச்சவங்க சேத்ததுதான்.

தமிழ்ல கான்னு எழுதினா எந்த ஊர்ல எந்த வார்த்தைல வந்தாலும் அந்த ஆ மாறாது. இங்கிலீஷ்ல 26 எழுத்து, சத்தம் கிட்டத்தட்ட 44, அப்ப ஒரே எழுத்து நாலு வேலை பாத்துத்தான ஆகணும். பேட் (bat), கேக் (cake), கார் (car), பால் (ball), இந்த நாலையும் அவன வாய்விட்டு சொல்ல வச்சு பாரு, நாலுலயும் ஏங்கிற எழுத்துதான் இருக்கு, நாலும் நாலு சத்தம். இது நம்ம புள்ளைகளுக்கு மட்டும் வர்ற கஷ்டம் இல்ல, இங்கிலீஷையே தாய்மொழியா பேசுற புள்ளைகளுக்கும் இதே பாடுதான். 2003ல வந்த ஒரு பெரிய ஆய்வுல ஐரோப்பாவுல ஒண்ணாப்பு முடிக்கிற புள்ளைகள அவங்கவங்க மொழில சாதாரண வார்த்தைகள வாசிக்க சொல்லிப் பாத்தாங்க, ஃபின்லாந்து புள்ளைக 100க்கு 98 சரியா வாசிச்சாங்க, ஸ்காட்லாந்துல இங்கிலீஷ் படிக்கிற புள்ளைக 34தான். ஃபின்லாந்துல ஏழு வயசுலதான் பள்ளிக்கூடமே, அவங்க எழுத்தும் நம்மள மாதிரி சத்தத்தோட ஒட்டிப் போறது. ஆனா வயசு மட்டும் காரணம் இல்ல, இங்கிலீஷ் எழுத்து புடிபட ரெண்டு மடங்குக்கு மேல நாள் ஆகுதுன்னு அந்த ஆய்வு பண்ணவங்களே எழுதிருக்காங்க.

அதனால ஒம்மவன் சோம்பேறி இல்ல. தமிழ் வாசிக்கத் தெரிஞ்ச புள்ளைக்கு வாசிப்புன்னா என்னன்னு புடிபட்டுருச்சு, மிச்சம் இருக்கிறது இங்கிலீஷோட கோணல்தான். அதை பத்துப்பத்து வார்த்தையா திணிக்காம குடும்பம் குடும்பமா குடு. லைட், நைட், ரைட் மூணும் ஒரே வால் (ight), ஒண்ணா எழுதிப் பழகட்டும். ஊமை எழுத்து இருக்கிற வார்த்தைக்கு வீட்டுக்குள்ள மட்டும் ஒரு கள்ளப் பேரு வச்சுக்கோங்க, ஐலண்ட இஸ்-லேண்டுன்னு சொல்லிக்கிட்டே எழுதுனா எஸ் தானா வந்து விழும். நான் வகுப்புல வருசக்கணக்கா இதைத்தான் பண்ணேன். ஒரு நாளைக்கு அஞ்சு வார்த்தை போதும்மா.

கேள்வி: அஸ்ஸலாமு அலைக்கும். பேரனுக்கு ஆறு வயசு. காலைல மதரஸால ஓதுறான், பகல்ல ஸ்கூல்ல தமிழும் இங்கிலீஷும். ஒண்ணு வலது பக்கமிருந்து, ரெண்டு இடது பக்கமிருந்து. இப்ப இங்கிலீஷ் பி-யையும் (b) டி-யையும் (d) மாத்தி மாத்தி எழுதுறான். மூணையும் போட்டு கொழப்புறோமோன்னு மருமக பயப்படுது. (கீழக்கரையில் இருந்து ஒரு வாப்பும்மா)

பதில்: வ அலைக்கும் ஸலாம்மா. எதையும் நிப்பாட்ட வேணாம். பி-டி மாத்தி எழுதுறதுக்கும் ஓதுறதுக்கும் சம்பந்தமே இல்ல, ஒரே மொழி படிக்கிற புள்ளையும் இந்த வயசுல அதைத்தான் பண்ணும். வள்ளம் கெழக்க பாத்து நின்னாலும் மேக்க பாத்து நின்னாலும் வள்ளம்தான, பொறந்ததுல இருந்து அப்படித்தான் எல்லாத்தையும் பாத்துப் பழகிருக்கு, திருப்பிப் போட்டா பேரே மாறிப்போற சாமான மொதமொத எழுத்துலதான் புள்ள பாக்குது. ஏழு, எட்டு வயசுல பெரும்பாலும் சரியாயிரும்.

உங்க ஊருக்கு இது புதுசும் இல்லம்மா, தமிழையே அரபு எழுத்துல எழுதி வாசிச்ச ஊரு, அரபுல இல்லாத தமிழ் சத்தத்துக்குன்னு எழுத்தை மாத்தி அமைச்சு அர்வின்னு ஒரு முறையே வச்சிருந்தாங்க. ஜப்பான்ல ஒரு புள்ள மொதல்ல 46 ஹிரகானா எழுத்து படிக்குது, அதே சத்தத்துக்கு கட்டகானான்னு இன்னொரு வரிசை, அதுக்கு மேல ஆறாப்பு முடியிறதுக்குள்ள கான்ஜின்னு சீன எழுத்துல இருந்து வந்த எழுத்து 1026. புள்ளைக மூளை தாங்கும்.

நான் கவலைப்படுறது வேற. குர்ஆன்ல எழுத்துக்கு மேலயும் கீழயும் உயிர்க்குறி போட்டிருக்கும், அதைப் பாத்து சத்தம் பெசகாம ஓதிருவான், அர்த்தம் பின்னாடி படிப்பான், அது அந்த ஓதலோட முறை. அதே பழக்கத்துல இங்கிலீஷ் புக்கையும் கடகடன்னு வாசிச்சிட்டு போனா அவனுக்கு ஒண்ணும் புரியலைன்னு யாருக்குமே தெரியாது, நல்லா படிக்கிறான்னு நெனச்சிருவோம். தெனம் ஒரு வரி வாசிச்சதும் என்ன வாப்பா சொல்லுதுன்னு நம்ம பேச்சுல கேளுங்க. நீங்க இங்கிலீஷ் படிக்கலைன்னாலும் இதை நீங்கதான் நல்லா பண்ண முடியும், உங்களுக்கு வெளங்குற மாதிரி சொல்லணும்ல அவன்.

கேள்வி: மூணாப்பு படிக்கிற மக மழைய மளைன்னும் கணவாய கனவாய்னும் எழுதுறா. எந்த ன, எந்த ல-ன்னு எப்படித்தான் சொல்லிக் குடுக்க? (தொண்டி வாசகி)

பதில்: நம்ம பக்கம் பேச்சுல ழ-வை ள-வாத்தான சொல்றோம், அப்ப அவ கேட்டதத்தான் எழுதுறா. மூணு சுழியா ரெண்டு சுழியாங்கிறதுக்கு ஒங்க ஊர் பேருலயே பாதி விடை இருக்கும்மா. ட-வுக்கு முன்னாடி எப்பவும் மூணு சுழி ண்தான், தொண்டி, மண்டபம். அதான் அதுக்கு டண்ணகரம்னே பேரு. ற-வுக்கு முன்னாடி ரெண்டு சுழி, கன்று, மன்றம். த-வுக்கு முன்னாடி ந், பந்து. ப-வுக்கு முன்னாடி பெரும்பாலும் ம், பாம்பன், க-வுக்கு முன்னாடி பெரும்பாலும் ங், தங்கச்சிமடம். ராமேஸ்வரம் பஸ்ல போறப்ப ஜன்னல் வழியா போர்டு போர்டா காட்டி படிக்க வச்சா ஒரே பயணத்துல மனசுல நின்னுரும். கணவாய்க்கு, மழைக்கு இந்த வழி ஆகாது, அங்க பக்கத்து எழுத்து காட்டிக் குடுக்காது, கண்ணு பாத்துப் பாத்துத்தான் பழகணும். அதுக்கு கதை புக்கை நீ ஒக்காந்து வாசிச்சுக் காட்டு. வந்தாகன்னு பேசுற புள்ள வந்தார்கள்னு எழுதணும்னா அந்த புத்தகத் தமிழ் மொதல்ல காதுல விழுந்திருக்கணும்ல.

கேள்வி: பையன் அஞ்சாப்பு. வலையில வர்ற மீனு அத்தனை பேரும் சொல்லுவான், எஞ்சினக் கழட்டி மாட்டுவான். தமிழ்ல ஒரு வரி வாசிக்க அவ்வளவு நேரம் ஆகுது, ஒரே வார்த்தைய மேல ஒரு மாதிரி, கீழ ஒரு மாதிரி எழுதுறான். மந்தப் புத்தின்னு சொல்றாக. (மூக்கையூர் மீனவர்)

பதில்: அண்ணே, எஞ்சினக் கழட்டி மாட்டுற புள்ளைக்கு மந்தப் புத்தியா? அந்த வார்த்தைய அவன் காதுல விழ விடாதீங்க. பாம்பன் புள்ளைக்கு சொன்ன பதில் இவனுக்கு பொருந்தாது. அவனுக்கு தமிழ் வருது, இங்கிலீஷ்தான் ஒதைக்குது. சத்தத்தோட ஒட்டிப் போற தமிழே அஞ்சாப்புல இவ்வளவு மெதுவா வந்தா டிஸ்லெக்சியாவான்னு, அதாவது வாசிக்கவும் எழுதவும் செரமப்படுற கற்றல் குறைபாடான்னு பாக்கணும். அது எல்லா மொழிலயும் இருக்கு, இங்கிலீஷ்ல தப்பு தப்பா வாசிக்கிறதுல தெரியும், நம்மளுது மாதிரி சத்தத்தோட ஒட்டிப் போற எழுத்துல வாசிக்கிறப்ப தப்பு கம்மியா இருக்கும், வேகம்தான் வராது, அதனாலயே பயிற்சி பத்தலைன்னு சொல்லி வருசத்த ஓட்டிருவாங்க. புத்திசாலித்தனத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல.

மொதல்ல கண்ணும் காதும் டெஸ்ட் பண்ணுங்க. அப்புறம் ஹெட்மாஸ்டர்கிட்ட சொல்லி வட்டார வள மையத்துல இருக்கிற சிறப்பாசிரியர பாருங்க. 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்துல கற்றல் குறைபாடும் சேத்தி, சர்டிபிகேட் வாங்கினா பரீட்சைல கூடுதல் நேரம் கேக்கலாம், சொல்றதை எழுத ஆள் கேக்கலாம். போறப்ப அவன் எழுதின பழைய நோட்டு ரெண்டு மூணு எடுத்துட்டுப் போங்க, புதுசா எழுதச் சொல்லிப் பாக்கிறதை விட அதுல நெறைய தெரியும்.