மேலாளர் பேசுகிற விதம் நம் வேலை ஆர்வத்தைக் குறைக்குமா?

குறைக்கும். நீங்கள் ஏதோ ஐடி கம்பெனியிலிருந்து கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நான் ஆத்தங்குடியில் தரைக்கல் பட்டறையில் 14 வருடம் இருந்தவன். விஷயம் ஒன்றுதான்.

எங்கள் கல்லைச் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடிமேல் அச்சை வைத்து, கட்டம் கட்டமாக வண்ணச் சிமெண்டை ஊற்றி, அச்சைக் கை நடுங்காமல் தூக்க வேண்டும். நடுங்கினால் பச்சை சிவப்புக்குள் இறங்கிவிடும். அப்புறம் மணலும் சிமெண்டும் போட்டு அமுக்கி, காயவைத்து, தண்ணீர்த் தொட்டியில் போடுவோம். கண்ணாடியைக் கழற்றும்போதுதான் முகம் தெரியும்.

பெரிய முதலாளி இருந்தவரை காலையில் பக்கத்தில் வந்து குந்துவார். "என்னப்பா, மணல் எப்படி வந்திருக்கு?" என்பார். கல் கெட்டால் தனியாகக் கூப்பிட்டுத் திட்டுவார், கடுமையாகவே. மத்தியானத்துக்குள் மறந்தும்விடுவார்.

பிறகு மகன் வந்தார். கெட்டவர் இல்லை, சம்பளம் ஒருநாள்கூடத் தள்ளியதில்லை. பேச்செல்லாம் வாட்ஸ்அப் குரூப்பில். ஒருநாள் நான் ஊற்றிய கல்லைப் படமெடுத்து, வண்ணம் கலங்கிய மூலையில் சிவப்பு வட்டம் போட்டு, "இது யார் செஞ்சது?" என்று அனுப்பினார். குரூப்பில் 22 பேர். என் அக்கா மகனும் இருந்தான். அவனுக்குத் தொழில் கற்றுக்கொடுத்ததே நான்தான்.

அடுத்த மாதம் வந்த மணலில் மண் கலந்திருந்தது. உள்ளங்கையில் தேய்த்ததுமே ஒட்டியது. நான் சொல்லவில்லை. கேட்கவும் ஆளில்லை. 300 கல் மூலை உதிர்ந்து போயின.

"சொல்லாதது உன் தப்பு" என்று எழுத வருகிறவர்களுக்கு: ஆமாம், என் தப்புதான். அதற்கு முன் ஒரு லோடு மணலைக்கூட நான் பார்த்துச் சொல்லாமல் விட்டதில்லை, அதையும் கணக்கில் வையுங்கள். இது ஒருத்தன் கதை என்பவர்கள், அமெரிக்காவில் கருத்துக்கணிப்பு நடத்தும் கேலப் நிறுவனம் 2015இல் சொன்னதைத் தேடிப் பாருங்கள். குழுவுக்குக் குழு ஈடுபாட்டில் இருக்கும் வித்தியாசத்தில் குறைந்தது 70 சதவீதத்துக்கு மேலாளரே காரணம் என்கிறார்கள்.

  

இப்போது வேறு பட்டறையில் இருக்கிறேன். போன வாரம் ஒரு லோடு மணல் சரியில்லை என்றேன். "சரிண்ணே" என்று அப்படியே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.