அக்கா பதில்கள்: காலரில் சிக்கிய மேலாளர்

போன மாதம் ஏதோ ஒரு பதிலுக்கு நடுவில், காலையில் பேரனோடு உட்கார்ந்து அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்து லீக் ஆட்டம் பார்ப்பதாக ஒரே ஒரு வரி எழுதினேன். சாம்பார்ப் பொடி அளவு எழுதியபோதுகூட இத்தனை கடிதம் வந்ததில்லை. எழுதியவர்களில் பாதிப் பேருக்கு ஆட்டம் வேண்டாம். அணிக்குள் நடக்கும் சண்டையும், மேலாளர் அறையில் பேசியது மறுநாள் ஊருக்கே தெரிந்துபோவதும்தான் வேண்டும். சரி, 27 வருடம் ஒரு கப்பல் சரக்கு நிறுவனத்தில் மேலாளரின் செயலாளராக மூடிய கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தவள் நான். இந்த மாதம் அதையே பேசிவிடுவோம்.

கே: "ஃப்ரன்ட் ஆபீஸ்" என்று கூடைப்பந்துச் செய்திகளில் போடுகிறார்களே, அது என்ன, வரவேற்பு மேசையா? அங்கிருந்து எப்படி எல்லாம் வெளியே வருகிறது? (செங்காங் வாசகர்)

நானும் முதலில் வரவேற்பு மேசை என்றுதான் நினைத்தேன், பேரன் சிரித்தான். அணியின் நிர்வாகத் தலைவர், பொது மேலாளர், ஊர் ஊராகப் போய் ஆள் பார்ப்பவர்கள், சம்பள உச்சவரம்புக் கணக்குப் போடுபவர்கள், இவர்கள் கூட்டம்தான் ஃப்ரன்ட் ஆபீஸ். யாரை வாங்குவது, யாரைக் கொடுப்பது என்று முடிவு செய்பவர்கள். பயிற்றுவிப்பாளர் நடுவில் மாட்டிய மத்தளம்.

ஒவ்வொருவர் கையிலும் ஒரு தொலைபேசி. அதன் மறுமுனையில் ஒரு நிருபர். இப்போது அந்த வேலையில் பெரிய பெயர் ஷாம்ஸ் சரானியா, இந்திய வம்சாவளி அமெரிக்கர். அவருக்கு முன் ஈஎஸ்பிஎன் விளையாட்டுத் தொலைக்காட்சியில் அட்ரியன் வோஜ்னரோவ்ஸ்கி, 2024 செப்டம்பரில் ஓய்வு பெற்றார். அணி அறிவிப்பதற்குள் இவர்கள் அறிவித்துவிடுவார்கள். சும்மா யாரும் சொல்வதில்லை, தம்பி. ஆட்டக்காரரின் ஏஜென்ட் விலையை ஏற்றுவதற்காகச் சொல்வார். மேலாளர் ரசிகர்களின் கோபத்தைத் திருப்பிவிடுவதற்காகச் சொல்வார். எதிரணி மேலாளர் பேரத்தைக் கெடுப்பதற்காகச் சொல்வார். "அணி வட்டாரங்கள் தெரிவித்தன" என்று படித்தால் நான் பார்ப்பது ஒன்றுதான்: இந்தச் செய்தியால் இன்று யாருக்கு வயிறு நிறைந்தது?

2019 தொடக்கத்தில் நியூ ஆர்லியன்ஸ் அணியின் ஆன்டனி டேவிஸ் வேறு அணிக்குப் போகக் கேட்டார். லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் அணி அவருக்காக எந்தெந்த இளம் ஆட்டக்காரர்களைத் தரத் தயார் என்ற பட்டியல் தினமும் செய்தியாக வந்தது. அந்தப் பிள்ளைகளோ அதே அணிக்கு அன்றிரவும் ஆடவேண்டும். பிப்ரவரி 5 அன்று இண்டியானாவிடம் 136க்கு 94, அதாவது 42 புள்ளியில் தோற்றார்கள். லேக்கர்ஸின் நட்சத்திரம் லெப்ரான் ஜேம்ஸ் பெயரை இழுத்து, "லெப்ரான் உன்னை விற்கப்போகிறார்" என்று அரங்கமே ராகம் போட்டுப் பாடியது. அந்த ஆள் மாற்றும் பேரம் அப்போது நடக்கவும் இல்லை, பிறகுதான் நடந்தது. ஏப்ரலில் அணி நிர்வாகத் தலைவர் மேஜிக் ஜான்சன், முதலாளியம்மா ஜீனி பஸ்ஸிடம் சொல்லாமலே நிருபர்களைக் கூப்பிட்டு வேலையை விட்டார். மே மாதம் தொலைக்காட்சியில் உட்கார்ந்து, பொது மேலாளர் ராப் பெலிங்கா தன் முதுகுக்குப் பின்னால் பேசினார் என்றார். அத்தனை பெரிய நிறுவனத்திலும் கடைசியில் பேன்ட்ரிச் சண்டைதான்.

கே: ஒரு மேலாளர் தானே போலிக் கணக்கு வைத்துத் தன் ஆட்டக்காரர்களைத் திட்டினாராமே, உண்மையா? (ஈசூன் வாசகி)

பாதி உண்மை. மீதிப் பாதிதான் சுவாரசியம்.

ஃபிலடெல்ஃபியா அணியின் மேலாளர் பிரையன் கொலாஞ்சலோ. 2018 மே மாதக் கடைசியில் ரிங்கர் என்ற இணைய இதழ் ஐந்து டுவிட்டர் கணக்குகளைப் பற்றி எழுதியது. பெயர் தெரியாத அந்தக் கணக்குகள் அணியின் நட்சத்திரம் ஜோயல் எம்பீடைக் குறை சொல்லின, முந்தைய மேலாளர் சாம் ஹிங்கியை மட்டம் தட்டின, உள்ளே இருப்பவருக்கு மட்டுமே தெரியக்கூடிய மருத்துவ விவரங்களைப் போகிற போக்கில் கொட்டின. கொலாஞ்சலோவை மட்டும் விழுந்து விழுந்து தாங்கின. அவர் பெரிய காலர் வைத்த சட்டை போடுவார், ஊர் கிண்டல் செய்யும். ஒரு கணக்கு அதற்கும் வரிந்துகட்டிக்கொண்டு வந்தது: அது சாதாரண காலர்தானாம், வேறு ஏதாவது பேசச் சொன்னது. யார்தான், அம்மா, முகம் தெரியாத ஒருவரின் சட்டைக் காலருக்காகச் சண்டைக்கு வருவார்கள்? இதைப் படித்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, இது வீட்டில் அந்தச் சட்டைக்கு இஸ்திரி போடுகிற பாசம் என்று.

நிருபர் கெட்டிக்காரர். ஐந்து கணக்கில் இரண்டைப் பற்றி மட்டும் அணியிடம் கேட்டார், மூன்றை வாயே திறக்கவில்லை. அன்றே சில மணி நேரத்தில் கேட்காத அந்த மூன்று கணக்குகளும் கதவைச் சாத்திக்கொண்டன. பொறியில் எலி.

கேட்ட இரண்டில் ஒன்று தன்னுடையது, செய்தி பார்க்க மட்டும் வைத்திருந்தேன் என்று மேலாளர் ஒப்புக்கொண்டார். மற்றவை யாருடையவை? அணி ஒரு சட்ட நிறுவனத்தை வைத்து விசாரித்தது. அவருடைய மனைவிதான் நடத்தியிருக்கிறார் என்பது அவர்கள் முடிவு. விசாரணைக்குத் தொலைபேசியைக் கொடுக்கும் முன் அதிலிருந்த எல்லாவற்றையும் அழித்தும் கொடுத்திருக்கிறார். கணவருக்கு இது தெரியும் என்பதற்கு ஆதாரம் இல்லை, ஆனால் ரகசியத் தகவல்கள் அவர் வழியாகத்தான் போயிருக்கின்றன என்று சொன்னார்கள். ஜூன் 7 அன்று வேலை போயிற்று.

அந்த அம்மாவைப் பலர் கேலி செய்தார்கள். எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. இரவு சாப்பாட்டு மேசையில் கணவர் புலம்பியதைக் கேட்டுக் கேட்டு, வெளியே எல்லாரும் அவரைத் திட்டுவதையும் படித்துப் படித்து, ஒரு நாள் விரல் துறுதுறுத்திருக்கும். நியாயம் என்று சொல்லவில்லை. எத்தனை மேலாளர்களின் மனைவிமார் என்னிடம் தொலைபேசியில், "அவர் உன்னிடம் சொல்லியிருப்பாரே" என்று ஆரம்பித்து, எனக்கே தெரியாததைச் சொல்லிவிட்டு வைத்திருக்கிறார்கள் தெரியுமா.

கே: பயிற்சியில் சக ஆட்டக்காரரை அடித்தது குற்றமா, அந்த வீடியோவை வெளியே விட்டது குற்றமா? (புக்கிட் பாத்தோக், பள்ளி மாணவர்)

2022 அக்டோபர் 5, கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ். டிரேமண்ட் கிரீன் ஜோர்டன் பூலை ஒரே குத்தில் சாய்த்தார். இரண்டு நாளில் வீடியோ வெளியே. அடித்தது குற்றம், அதில் என்ன சந்தேகம் தம்பி. ஆனால் வீடியோ வராமல் இருந்திருந்தால் "சிறு வாக்குவாதம்" என்று நாம் எல்லாரும் மறந்திருப்போம். கிரீனுக்கு அபராதம்தான், தடை இல்லை. யார் வெளியே விட்டது என்று அணி தனியாக விசாரணை வைத்தது. அடுத்த கோடையில் அணியை விட்டுப் போனது அடி வாங்கிய பூல். அதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்.

கே: எங்கள் அலுவலகத்தில் கூட்டம் முடிந்து நான் மேசைக்கு வருவதற்குள் பேசியதெல்லாம் அடுத்த பிரிவுக்குப் போய்விடுகிறது. குறிப்பெடுப்பவள் நான் என்பதால் மேலதிகாரி என்னைச் சந்தேகிக்கிறார். என்ன செய்வது? (ஜூரோங், பெயர் வேண்டாம்)

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன் அம்மா. 1998இல் நான் இருந்த அதே நாற்காலி.

ஆசிய நிதி நெருக்கடி நேரம். வெளிநாட்டுத் தலைமையகத்திலிருந்து ஆட்குறைப்புப் பட்டியல் இரவில் ஃபேக்ஸில் வந்தது, 14 பெயர். காலை ஏழு மணிக்கு நான்தான் எடுத்து உறையில் போட்டு மேலாளர் மேசையில் வைத்தேன். மதியத்துக்குள் கோப்பி கலக்கும் இடத்தில் 14 பெயரும் வரிசை மாறாமல் ஓடுகிறது. பார்த்தது நானும் மேலாளரும் மட்டும். அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அன்றிலிருந்து கடிதங்களைத் தானே, இரண்டே விரலால், டக்... டக்... என்று தட்ட ஆரம்பித்தார். நான் வெளியே உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன். மூன்று வாரம். திட்டியிருந்தால்கூடப் பதில் சொல்லியிருப்பேன்.

அப்புறம் ஒரு நாள் ஃபேக்ஸ் இயந்திரம் கத்தியது, உள்ளே சுருள் தீர்ந்துவிட்டது. வழக்கமாக அதை மாற்றுபவர் மருத்துவ விடுப்பில். நானே மூடியைத் திறந்தேன். கார்பன் தாள் மாதிரி நீளமான கறுப்புச் சுருள். இயந்திரம் அச்சடிக்கும் ஒவ்வொரு எழுத்தும் அதிலிருந்து உரிந்து வெள்ளைத்தாளுக்குப் போகும். உரிந்த இடம் கண்ணாடி மாதிரி நிற்கும். குப்பையில் போடப்போனவள் எதேச்சையாக ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தேன். மூன்று வாரத்தில் வந்த அத்தனை கடிதமும் கறுப்பில் வெளிச்சமாக, ஒரு வார்த்தை விடாமல். முந்தைய சுருள் பட்டியல் வந்த அன்று காலையில்தான் தீர்ந்திருந்தது என்று அப்போதுதான் உறைத்தது.

சுருளைக் கொண்டுபோய் மேலாளர் மேசையில் விரித்தேன். படித்தார். ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை கையால் எழுதிய கடிதங்கள் பழையபடி என் தட்டுக்கு வந்தன. மன்னிப்பு எல்லாம் அந்தக் காலத்து மேலாளர்களிடம் கிடையாது. சுருளை அழிக்க இயந்திரம் வாங்கினார், இரண்டாம் நாளே அதன் பல்லில் சுற்றிக்கொண்டு நின்றுவிட்டது. கடைசிவரை கத்தரிக்கோலால் நான்தான் வெட்டினேன்.

முந்தைய சுருளை எடுத்தவர் யாரென்று எனக்குத் தெரியும். அவருடைய பெயரும் அந்த 14இல் இருந்தது. 19 வருடம் வேலை பார்த்தவரிடம் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை, சுருள்தான் பேசியது. மேலாளரிடம் நான் பெயரைச் சொல்லவில்லை. உங்களுக்கும் சொல்லப்போவதில்லை.

உங்களுக்குச் சொல்வது இதுதான். அவர் கேட்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். நீங்களே கதவைத் தட்டி, "சார், வெளியே போனது எந்த வார்த்தையில் போனது என்று பார்ப்போம்" என்று சொல்லுங்கள். உங்கள் குறிப்பில் இருக்கிற வார்த்தையா, திரையில் காட்டிய வார்த்தையா? எண்ணை முழுசாகச் சொல்கிறார்களா, தோராயமாகவா? கூட்டத்துக்கான அழைப்பைப் பகிர்ந்த நாட்காட்டியில் என்ன தலைப்பில் போட்டிருக்கிறீர்கள், அதை யார் யார் பார்க்க முடியும்? பிரின்டரில் எடுக்க மறந்த பிரதி உண்டா? ஆளைத் தேடுவதை விட்டு வழியைத் தேடுங்கள். வழி தெரிந்தால் அவருக்கே உங்கள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருக்கும்.

கே: அப்படியானால் ஒன்றுமே கசியாத அணிதான் நல்ல அணியா? (தெம்பனிஸ் வாசகர்)

2025 பிப்ரவரி 2, ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு மணி சுமார். வீட்டில் மீன் குழம்பு. பேரன் தொலைபேசியைப் பார்த்துவிட்டு, "பாட்டி, ஷாம்ஸ் கணக்கை எவனோ ஹேக் பண்ணிட்டான்" என்று கத்தினான். அமெரிக்காவிலும் பாதிப் பேர் அப்படித்தான் நினைத்தார்களாம். டல்லஸ் மேவரிக்ஸ் தன்னுடைய லூக்கா டான்சிச்சை லேக்கர்ஸிடம் கொடுத்துவிட்டு ஆன்டனி டேவிஸை வாங்கியிருந்தது. 25 வயது, முந்தைய வருடம்தான் அணியை இறுதிச் சுற்றுக்குக் கூட்டிப்போன பிள்ளை.

டல்லஸ் மேலாளர் நிக்கோ ஹாரிசனும் லேக்கர்ஸின் பெலிங்காவும் வாரக்கணக்கில் தங்களுக்குள்ளேயே பேசி முடித்தார்கள். ஒரு சொட்டுக் கசியவில்லை. வேறு அணிகளிடம் விலைகூடக் கேட்கவில்லை, கேட்டால் கசியுமே! ரகசியம் என்ற கணக்கில் நூற்றுக்கு நூறு. அதற்கப்புறம்தான் லூக்காவின் உடல் எடை, உடற்பயிற்சி என்று கதைகள் வர ஆரம்பித்தன. முன்னாலேயே கசிந்திருந்தால் யாராவது ஒருவர், "என்னப்பா செய்கிறாய்" என்று கையைப் பிடித்திருப்பார். டல்லஸ் அரங்கத்தில் மாதக்கணக்கில் ஹாரிசனை வெளியே அனுப்பச் சொல்லிக் கோஷம், நவம்பரில் அனுப்பிவிட்டார்கள். இடையில் 1.8 சதவீத வாய்ப்பை வைத்துக்கொண்டு புது ஆட்டக்காரர்களில் யார் முதலில் தேர்ந்தெடுப்பது என்ற குலுக்கலில் முதல் இடம் விழுந்து கூப்பர் ஃபிளாக் என்ற இளம் ஆட்டக்காரர் கிடைத்தார். அது கடவுள் செயல், மேலாளர் செயல் இல்லை.

கே: சிங்கப்பூரில் தொழில்முறை அணி இருந்ததா? (உட்லண்ட்ஸ் வாசகர்)

ஸ்லிங்கர்ஸ். 2006இல் ஆஸ்திரேலிய லீக்கில் ஆட ஆரம்பித்தது, பிறகு ஆசியான் லீக். 2016, 2019 இரண்டு முறையும் இறுதிச் சுற்றில் ஐந்தாவது ஆட்டம்வரை போய்த் தோற்றார்கள். காலாங்கில் ஒரு ஆட்டம் பார்த்தேன், எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சீனப் பாட்டிக்கு என்னைவிட விதி நன்றாகத் தெரிந்திருந்தது.

கே: என் மருமகள் எங்கள் வீட்டில் நடப்பதை ஒன்று விடாமல் தன் தங்கையிடம் சொல்லிவிடுகிறாள். இதற்கு என்ன வழி? (அங் மோ கியோ, 68 வயது)

அவள் சொல்வது உங்களுக்கு யார் வழியாகத் தெரிந்தது அக்கா? அடுத்த தடவை அந்த ஆள் வந்தால் தேத்தண்ணி மட்டும் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.