'வெடிகுண்டுகளின் தாய்' ஆப்கானிஸ்தானில் ஐஎஸ் அமைப்பை ஒழித்ததா?

குண்டு விழுந்த இடத்தில் இருந்தவர்கள் செத்தார்கள். அமைப்பு சாகவில்லை. சுருக்கமாகக் கேட்டால் பதில் இவ்வளவுதான். ஆனால் "அணுகுண்டுக்கு அடுத்தபடியான குண்டையே போட்டும் ஏன் ஒழியவில்லை, அதற்கு எத்தனை கோடி செலவு?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். அதனால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். அந்தக் குண்டைப் பற்றி அப்போது நம் தொலைக்காட்சிகளில் ஓடியதில் பாதி வெறும் பரபரப்பு.

நடந்தது 2017 ஏப்ரல் 13. ஆப்கானிஸ்தானின் கிழக்கே, பாகிஸ்தான் எல்லையை ஒட்டிய நங்கர்ஹார் மாகாணம், அச்சின் மாவட்டம், மோமந்த் பள்ளத்தாக்கு. இரவு ஏழரை மணி வாக்கில் அமெரிக்க விமானப்படை ஜிபியு-43 என்ற குண்டை அங்கே போட்டது. 'வெடிகுண்டுகளின் தாய்' என்பது இதன் பட்டப்பெயர். எடை ஏறத்தாழ 9,800 கிலோ, அதில் 8,500 கிலோ வெடிமருந்து. நீளம் முப்பதடி. 2003இல் ஈராக் போர் தொடங்கப்போகும் நேரத்தில் ஃபுளோரிடாவில் சோதித்துப் பார்த்துவிட்டு, ஈராக்கில் போடாமலே வைத்திருந்தார்கள். போரில் முதன்முதலாகப் போட்டது இங்கேதான்.

முதலில் அந்த "அணுகுண்டுக்கு அடுத்தபடி". இதன் சக்தி சுமார் 11 டன் டிஎன்டி வெடிமருந்துக்குச் சமம். ஹிரோஷிமாவில் விழுந்தது சுமார் 15,000 டன். ஆயிரம் மடங்குக்கும் மேல் வித்தியாசம் இருக்கும் இரண்டை ஒரே மூச்சில் சொல்வது தலைப்புச் செய்திக்கு உதவும், வேறெதற்கும் உதவாது.

அடுத்து, இது பாறையைத் துளைத்து உள்ளே போய் வெடிக்கும் குண்டு என்று பலர் எழுதினார்கள். அதுவும் இல்லை. இதன் உறை மெல்லிய அலுமினியம். தரையைத் தொடுவதற்குச் சற்று முன்பே வெடிப்பதற்காகச் செய்தது. உள்ளே இருப்பது எச்-6 என்ற கலவை: ஆர்டிஎக்ஸ், டிஎன்டி, கூடவே அலுமினியத் தூள். வெடித்ததும் கிளம்பும் அழுத்த அலைதான் ஆயுதம். திறந்தவெளியில் அந்த அலை போகப்போகச் சீக்கிரம் தேய்ந்துவிடும். ஒரு சுரங்கத்தின் வாய்க்குள் புகுந்துவிட்டால் கதை வேறு. பரவ இடமில்லாமல் சுவரில் மோதி மோதி உள்ளே வெகுதூரம் போகும். உள்ளே இருப்பவர் மேல் ஒரு துண்டு இரும்புகூடப் படாமல் நுரையீரல் கிழிந்துவிடும்.

போடுகிற விதத்தையும் பார்க்க வேண்டும். இவ்வளவு கனத்தைப் போர் விமானம் தூக்காது. சரக்கு விமானத்தின் வகையான எம்சி-130இல் ஒரு தட்டின் மேல் படுக்க வைத்துக் கொண்டுபோவார்கள். பின்கதவு திறந்ததும் ஒரு பாராசூட் விரிந்து, தட்டோடு குண்டை வெளியே இழுக்கும். தட்டு கழன்றுகொள்ளும், வாலில் சல்லடை மாதிரியான நான்கு துடுப்புகள் விரியும், பிறகு ஜிபிஎஸ் வழிகாட்ட இலக்கை நோக்கி இறங்கும். இதெல்லாம் நடக்கும்போது அந்தப் பெரிய, மெதுவான விமானம் வானத்தில் நிதானமாகப் பறந்துகொண்டிருக்க வேண்டும். உருப்படியான விமான எதிர்ப்பு ஏவுகணை வைத்திருக்கும் எந்த ராணுவமும் அதை விட்டுவைக்காது. ஆக, பார்க்க எவ்வளவு பயங்கரமாக இருந்தாலும், வானத்தில் எதிர்ப்பே இல்லாத எதிரி மேல் மட்டும் போடக்கூடிய குண்டு இது. தீவிரவாதக் குழுக்கள் மேல் இது விழுவதற்கு அவர்களுடைய பலம் காரணமில்லை. அவர்களிடம் ரேடாரும் ஏவுகணையும் இல்லை என்பதுதான் காரணம்.

சரி, அச்சின் ஏன்? 2015இல் பாகிஸ்தான் தாலிபானிலிருந்து பிரிந்து வந்தவர்கள் ஐஎஸ் கொடியைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்து உட்கார்ந்தார்கள். ஐஎஸ்-கொராசான் என்று பெயர். ஷின்வாரி இனத்தவர் வாழும் ஊர்கள். அந்த வருடம் ஆகஸ்டில் உள்ளூர் ஆட்கள் பத்துப் பேரைக் கண்ணைக் கட்டி, மண்ணில் புதைத்த வெடிகளின் மேல் மண்டியிட வைத்து வெடிக்கச் செய்து, அதை வீடியோவாகவும் வெளியிட்டார்கள். மக்கள் வீடு, வயல், கால்நடை எல்லாவற்றையும் விட்டுவிட்டு மாகாணத் தலைநகர் ஜலாலாபாத் பக்கம் ஓடினார்கள். முகப்பவுடருக்குப் போகும் டால்க் கல் வெட்டும் சுரங்கங்கள் அந்த மலைகளில் உண்டு, அதிலிருந்து வரும் பணமும் இவர்கள் கைக்குப் போனது. ராணுவம் உள்ளே நுழைய முயன்றால் வழியெல்லாம் கண்ணிவெடி. ஏப்ரல் 8ஆம் தேதி அங்கே ஒரு அமெரிக்க சிறப்புப் படை வீரர் கொல்லப்பட்டார். அடுத்த ஐந்தாம் நாள் குண்டு விழுந்தது. ஆப்கானிஸ்தானில் இருந்த அமெரிக்கப் படைகளின் தளபதி ஜான் நிக்கல்சன் சொன்ன காரணமும் இதுதான்: சுரங்கங்களும் பதுங்குகுழிகளும் கண்ணிவெடிகளும் முன்னேற விடாமல் தடுக்கின்றன, அந்தத் தடையை உடைக்க இது தோதான குண்டு.

அந்தக் காரணத்தை நான் ஒதுக்கித் தள்ளவில்லை. காலாட்படையை அனுப்பினால் நாலு பேர் கால் போகும் இடம் அது. பொதுமக்கள் ஏற்கெனவே வெளியேறியிருந்தார்கள் என்றால், ராணுவக் கணக்கில் அது நியாயமான கணக்குதான். சிக்கல் அதற்கப்புறம் சொல்லப்பட்ட பெருமையில் இருக்கிறது.

முதல்நாள் 36 பேர் செத்ததாக ஆப்கான் அதிகாரிகள் சொன்னார்கள். இரண்டே நாளில் அது தொண்ணூறைத் தாண்டியது. பொதுமக்கள் யாருமில்லை என்றும் சொன்னார்கள். அமெரிக்கா கடைசிவரை ஒரு எண்ணிக்கையும் தரவில்லை. பிறகு அந்தப் பக்கம் போன செய்தியாளர்கள் எதிர்பார்த்த மாதிரி ராட்சதப் பள்ளம் எதையும் பார்க்கவில்லை. கருகிய மரங்களும் இடிந்த மண்வீடுகளும் இருந்தன. ஒரு கிலோமீட்டர்கூடத் தள்ளாத இடத்தில் பச்சை மரங்களும் முழு வீடுகளும் நின்றன. காற்றில் வெடிக்கும் குண்டு அப்படித்தான் செய்யும்.

இரண்டு வாரம் கழித்து, அதே பள்ளத்தாக்கில், குண்டு விழுந்த இடத்துக்குப் பக்கத்திலேயே ஐஎஸ்-கொராசான் தலைவன் அப்துல் ஹசீப் இருந்தான். அவனைப் பிடிக்க அமெரிக்க, ஆப்கான் கமாண்டோக்கள் இரவில் ஹெலிகாப்டரில் இறங்கி மூன்று மணி நேரம் துப்பாக்கியால் சண்டை போட வேண்டியிருந்தது. அவன் செத்தான். அமெரிக்க வீரர்களிலும் இரண்டு பேர் செத்தார்கள். தாய்க்குண்டு விழுந்து பதினைந்து நாளில் அங்கே தலைவன் இருக்கிறான் என்றால், அந்தக் குண்டு எதைச் சாதித்தது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். ஜூன் மாதம் அதே மாகாணத்தின் டோரா போரா மலைப்பகுதியைத் தாலிபானிடமிருந்து ஐஎஸ்காரர்கள் பிடித்தார்கள்.

டோரா போரா என்றதும் 2001 ஞாபகம் வந்திருக்கும். அதே நங்கர்ஹார், அதே ஸ்பின் கர் மலைத்தொடர். அந்த டிசம்பரில் பின்லேடன் அங்கே பதுங்கியிருந்தபோது அமெரிக்கா போட்டது 'டெய்சி கட்டர்' என்ற பிஎல்யு-82, எடை 6,800 கிலோ. வியட்நாம் காடுகளில் ஹெலிகாப்டர் இறங்க மரங்களைச் சாய்த்து இடம் உண்டாக்கச் செய்த குண்டு. மலை அதிர்ந்தது. பின்லேடன் பாகிஸ்தானுக்குப் போய்விட்டான். மறுபக்கக் கணவாய்களை அடைக்கப் போதுமான தரைப்படை இல்லை, அவ்வளவுதான். பத்து வருடம் கழித்து பாகிஸ்தானின் அபோட்டாபாத்தில் அவனைக் கொன்றது கையில் பிடித்த துப்பாக்கி.

நங்கர்ஹாரில் ஐஎஸ் உண்மையிலேயே உடைந்தது 2019 நவம்பரில். அதைச் செய்தது ஒரு குண்டு இல்லை. ஒருபக்கம் ஆப்கான் படைகள், மேலே அமெரிக்க விமானங்கள், இன்னொரு பக்கம் தாலிபான் என்று ஒருவரையொருவர் கொன்றுகொண்டிருந்தவர்களே மூன்றாவது ஆளை நெருக்கினார்கள். ஊர்ப் பெரியவர்கள் சோறு தண்ணீர் போகும் வழிகளை அடைக்க உதவினார்கள். நூற்றுக்கணக்கானவர்கள் பெண்டாட்டி பிள்ளைகளோடு வந்து சரணடைந்தார்கள். 2016இல் கேரளத்தின் காசர்கோடு, பாலக்காடு பக்கமிருந்து ஐஎஸ்ஸில் சேரக் கிளம்பிப்போன இருபது சொச்சம் பேரின் குடும்பங்களில் சிலரும் அதில் இருந்தார்கள். (தாய்க்குண்டு விழுந்த வாரம் அவர்கள் செத்துவிட்டார்களா என்பதுதான் நம் பக்கத்து மாநிலச் சேனல்களுக்கு முழுநேர வேலை.)

அதற்குப் பிறகும் மிச்சம் இருந்தது. 2020 மார்ச்சில் காபூல் குருத்வாராவில் அவர்கள் கொன்றது 25 பேர். 2021 ஆகஸ்ட் 26 காபூல் விமான நிலைய வாசலில் அமெரிக்கப் படையினர் 13 பேரும், ஆப்கானியர்கள் ஏறத்தாழ 170 பேரும். 2024 மார்ச்சில் மாஸ்கோ இசையரங்கில் 140க்கும் மேற்பட்டோர். இதற்கெல்லாம் சுரங்கம் தேவைப்படவில்லை. நாலு ஆள், ஒரு வாடகை அறை, ஒரு செல்போன் போதும். அங்கே பத்து டன் குண்டை எதன்மேல் போடுவது?

அரசியல் பக்கம்: டிரம்ப் அதை மிக மிக வெற்றிகரமான நடவடிக்கை என்றார். சிரியா மேல் 59 டோமஹாக் ஏவுகணை விட்டு ஒரு வாரம்கூட ஆகவில்லை, வடகொரியாவோடும் உரசல். அதனால் அது யாருக்கோ அனுப்பிய சேதி என்று உலகமே ஊகித்தது. அப்போதைய ஆப்கான் அதிபர் அஷ்ரப் கனியின் அரசு ஆதரித்தது. முன்னாள் அதிபர் கர்சாய், புது ஆயுதத்தைச் சோதிக்க எங்கள் நாடுதான் கிடைத்ததா என்று கொதித்தார். தாலிபான் மிரண்டதாகத் தெரியவில்லை. எட்டாவது நாள், ஏப்ரல் 21, ராணுவச் சீருடையில் மசார்-இ-ஷரீஃப் நகரின் ஆப்கான் ராணுவ முகாமுக்குள் நுழைந்து நூற்றுக்கும் மேற்பட்ட வீரர்களைக் கொன்றார்கள்.

விலை: 1.6 கோடி டாலர் என்று வாட்ஸ்அப்பில் சுற்றியது தப்பு. விமானப்படை சொன்ன கணக்கு ஒரு குண்டுக்குச் சுமார் 1,70,000 டாலர். 2025 ஜூனில் ஈரானின் ஃபோர்டோ அணு நிலையத்தில் போட்டதும் இந்தக் குண்டு இல்லை. அது பி-2 குண்டுவீச்சு விமானத்திலிருந்து போடும், பாறையைத் துளைத்துப் போகும் ஜிபியு-57. கருத்துப் பகுதியில் இரண்டையும் குழப்பாதீர்கள்.