எத்தனை வான் டைக்குகள்?

அன்புள்ள ஐயா,

லிவர்பூல் கால்பந்து அணியின் தலைவர் வர்ஜில் வான் டைக், பழைய ஓவியர் அந்தோனி வான் டைக், ஹாலிவுட் நடிகர் டிக் வான் டைக் மூவரும் ஒரே வம்சமா? 'வான்' என்பது ஜெர்மானியர்களின் 'ஃபொன்' போலப் பிரபுக்குல அடையாளமா?

– ஒரு வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

பெயரை மட்டும் வைத்து உறவு கொண்டாட முடியாது. 'டைக்' என்றால் வெள்ளத்தைத் தடுக்கப் போட்ட கரை. நெதர்லாந்தில் ஏறக்குறைய கால்வாசி நிலம் கடல்மட்டத்துக்குக் கீழே கிடக்கிறது. அங்கே கரைகளுக்கா பஞ்சம்? கரையோரம் குடியிருந்தவர் 'கரைக்காரர்' ஆனார். நூறு ஊரில் நூறு கரைக்காரர்கள், அவ்வளவுதான்.

'வான்' வெறும் வேற்றுமை உருபு மாதிரி: 'இன்ன இடத்துக்காரர்'. அதில் பிரபுத்தனம் எதுவும் இல்லை. ஓவியரின் அப்பா ஆன்ட்வெர்ப்பில் பட்டு வியாபாரி. மகனுக்கு 'சர்' பட்டம் 1632இல் இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸ் கொடுத்தது. அவர் வரைந்தவர்களின் கூர்தாடிக்கும் பிற்பாடு அவர் பெயரே ஒட்டிக்கொண்டது.

1811இல் நெப்போலியன் ஆட்சியில் எல்லோரும் குடும்பப்பெயரைப் பதிய வேண்டும் என்று ஆணை வந்தது. அப்போது டச்சுக்காரர்கள் கேலிக்காக 'அம்மணமாகப் பிறந்தவன்' என்றெல்லாம் பதிந்தார்கள் என ஒரு கதை உண்டு. நல்ல கதைதான், ஆனால் நம்பாதீர்கள். அந்தப் பெயர் அதற்கு முன்பே இருந்தது.

இதே பெயரை டச்சு அகரவரிசையில் 'டி'யில் தேட வேண்டும், பெல்ஜியத்தில் 'வி'யில். கடல் கடந்து அமெரிக்கா போனபின் எழுத்துக்கூட்டலும் மாறிவிட்டது: 'Dijk' அங்கே 'Dyke' ஆனது. நீங்கள் விட்டுவிட்ட இருவரைச் சொல்கிறேன். மோட்டவுன் என்ற அமெரிக்க இசைத்தட்டு நிறுவனத்தின் பாடல்களுக்குப் பின்னணி வாசித்த ஃபங்க் பிரதர்ஸ் குழுவின் ஏர்ல் வான் டைக், டெட்ராய்டைச் சேர்ந்த கறுப்பினக் கலைஞர். இன்னொருவர் நியூயார்க் மாநிலத்தில் பிறந்த மருத்துவர் கொர்னேலியஸ் வான் டைக். மிஷனரியாக லெபனானுக்குப் போனவர். ஈலை ஸ்மித் தொடங்கி, முடிக்காமல் இறந்துபோன அரபு பைபிள் மொழிபெயர்ப்பை இவர்தான் முடித்தார். 1865இல் வெளிவந்த அதை அரபுக் கிறிஸ்தவர்கள் இன்றும் 'வான் டைக்' என்றே சொல்கிறார்கள். எனக்கு இந்தப் பட்டியலில் மிகவும் பிடித்தவர் இவர்தான்.

அப்புறம், உங்கள் லிவர்பூல்காரர். அம்மா சுரினாம்காரர், அப்பா டச்சுக்காரர். ஆட்டம் பார்க்கும்போது சட்டையின் முதுகைக் கவனித்திருக்கிறீர்களா? அதில் 'வான் டைக்' இருக்காது, 'வர்ஜில்' மட்டும்தான்.